குன்றின் மேல் மூட்டிய தீ லண்டனுக்கு என்ன சொன்னது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1588 இல் ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை இங்கிலாந்துக் கடலுக்குள் நுழைந்தபோது, குன்றுக்குக் குன்று தீ மூட்டி ஒரே இரவில் நாடு முழுக்கச் செய்தி பரப்பினார்கள் என்று படிக்கிறோமே, அது நடந்ததுதானா? நடந்தது என்றால், வெறும் தீயைக் காட்டி என்ன செய்தியைச் சொல்லிவிட முடியும்? இதில் வேகம் பற்றிய கேள்வி ஒன்று, செய்தியின் அளவு பற்றிய கேள்வி ஒன்று. பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் கனமானது. அந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குக் கரைகளில் எச்சரிக்கைத் தீக்கம்பங்கள் இருந்தன. அவற்றுக்குக் காவல் போட்டார்கள். செலவை உள்ளூர் மக்கள் தலையில் கட்டினார்கள். அரசு ஆணைகளும் மாவட்டக் கணக்குகளும் வரைபடங்களும் இதற்குச் சாட்சி. அப்போதைய அரசி முதலாம் எலிசபெத்தின் காலத்துப் புதுமையும் அல்ல அது. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கரையோர ஊர்களைக் கொள்ளையடித்த காலத்திலேயே வைட் தீவில் மட்டும் முப்பதை ஒட்டிய தீமேடுகள் இருந்தன. ஆர்மடா வந்த சேதி பிளிமத்தில் நின்ற ஆங்கிலக் கப்பற்படைக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் உறுதி. தாமஸ் ஃப்ளெமிங் என்ற கப்பல் தலைவர், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள லிசார்டு முனைக்கருகே எதிரிப் பாய்களைப் பார்த்துவிட்டு நேரே பிளிமத்துக்கு ஓட்டி வந்து சொன்னார். அதாவது கப்பற்படைக்குச் சேதி கொண்டுவந்தது இன்னொரு கப்பல். குன்றுத் தீ அல்ல.

சந்தேகத்துக்குரியது, அந்த இரவில் லிசார்டில் பிடித்த தீ அறுபடாத ஒரே தொடராக ஸ்காட்லாந்து எல்லை வரை ஓடியது என்ற படம். 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற ஒரு கவிதை அதை எல்லார் மனத்திலும் பதித்துவிட்டது. தீக்கம்பங்கள் தயார் நிலையில் இருந்தன, சில இடங்களில் மூட்டப்பட்டன என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒவ்வொரு குன்றும் முறை தவறாமல் எரிந்தது என்பதற்கு அக்காலத்து நேரடிச் சான்று மிக மெலிது. பாடப்புத்தகத்தில் வருவதால் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

இனி கம்பத்துக்கு வருவோம். முதலில் இவை வெறும் விறகுக் குவியல்கள். தென்கிழக்குக் கரை மாவட்டமான கென்டில் மூன்றாம் எட்வர்டின் ஆட்சிக்காலத்தில், சுமார் 1337 இல், குவியலுக்குப் பதிலாக உயரமான கம்பம் நட்டு அதன் தலையில் தார்ச்சட்டி வைக்க ஆணை வந்தது. எலிசபெத் காலத்தில் பரவலாக இருந்த வடிவம் இதன் தொடர்ச்சி: தடித்த மரக்கம்பம் ஒன்று, அடியில் குறுக்குச் சட்டங்களும் நாற்புறமும் முட்டுக்கட்டைகளும், ஏறிப்போகப் பக்கவாட்டில் படிக்கட்டைகள், உச்சியில் இரும்புப் பட்டைகளால் செய்த கூடை. கூடைக்குள் தாரும் பிசினும் தோய்த்த சணல் நாரும் காய்ந்த சுள்ளியும். கூடையை உயரத்தில் வைக்கக் காரணம், சுற்றியுள்ள புதரும் மரமும் மறைக்கக் கூடாது. அதோடு தீ தரையிலிருந்து விலகி நின்றால் நாலாபுறமும் காற்று வாங்கி நன்றாக எரியும். குவியலுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. கூடைத் தீ சிறியது, சீக்கிரம் அடங்கும். பெருங்குவியல் நீடித்து எரியும். அதனால்தான் நெப்போலியன் படையெடுப்பு அச்சம் வந்த 1803 வாக்கில் மறுபடி குவியலுக்கே போனார்கள். அப்போதைய கணக்கு, ஒரு மேட்டுக்கு 8 வண்டி விறகு, 3 அல்லது 4 தார்ப் பீப்பாய், பகலில் புகை எழுப்ப ஈர வைக்கோல்.

பொருள்கள் எளியவை. ஆனால் கெட்டுப்போகும் வழிகள் ஏராளம். மழைக்குத் திறந்து கிடக்கும் சுள்ளி ஒரு வாரத்தில் ஊறிப்போகும். தார் வெயிலில் உருகி அடியில் தங்கிவிட்டால் மேலே இருக்கும் நார் வறண்டு, பற்றிய வேகத்தில் எரிந்து தீர்ந்துவிடும். உப்புக்காற்றில் இரும்புக் கூடை துருப்பிடித்து, தீயின் சூட்டில் அடி விட்டுவிடும். மண்ணுக்குள் இருக்கும் மரம் தரைமட்டத்தில்தான் முதலில் மக்கும். வெளிப்பார்வைக்குக் கம்பம் திடமாக நிற்கும், ஆள் ஏறினால் சாயும். குளிர்காலத்தில் விறகு களவு போகும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பழுது பார்க்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை ‘ஹண்ட்ரட்’ எனப்படும் உள்ளூர் வட்டம் தர வேண்டும். கரையிலிருந்து தள்ளி இருந்த வட்டங்கள் “எங்களுக்கு ஏன் இந்தச் செலவு” என்று முனகின. இந்தப் பண இழுபறியை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கம்பம் எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

எந்தக் குன்றில் வைப்பது? மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். காற்றில் ஒளி வளைவதால் உண்மையில் சற்றுக் கூடும். 60 மீட்டர் உயரச் செங்குத்துக் கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கப்பலின் பாய்மர உச்சி 30 மீட்டர் என்றால் அதன் தொடுவானம் 20 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால், தெளிந்த வானிலையில் 45 கிலோமீட்டருக்கும் அப்பால் வரும் பாயின் நுனி தெரியத் தொடங்கும். இது வடிவியல் தரும் உச்சவரம்பு. கடல்மேல் மூட்டம் இருந்தால் பாதிகூடத் தேறாது. தீயைப் பார்ப்பதற்கும் இதே கணக்குதான்: 150 மீட்டர் உயரமுள்ள இரண்டு குன்றுகள், இடையில் தாழ்ந்த நிலம் என்றால், 80 கிலோமீட்டருக்கு மேலும் பார்வைக்கோடு கிடைக்கும். அவ்வளவு தூரம் நம்பி யாரும் வைக்கவில்லை, வைத்தாலும் பயனில்லை. ஈரப்பதம் நிறைந்த அந்த நாட்டு இரவுகளில் கூடைத் தீயை 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் நிச்சயமாகக் கண்டுகொள்வது கடினம். இன்னொன்று, மிக உயர்ந்த சிகரம் நல்ல இடம் என்று தோன்றும். அடிக்கடி மேகத்துக்குள் இருப்பதும் அதுதான். கடலும் தெரிந்து, அடுத்த இரு நிலையங்களும் தெரிந்து, மேக அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நடுத்தரக் குன்றே நடைமுறைக்குத் தோது.

பகலில் நிலைமை இன்னும் மோசம். சூரிய வெளிச்சத்தில் தீ தெரியாது, புகைதான் தெரிய வேண்டும். ஈர வைக்கோலும் பச்சைத் தழையும் வெண்புகை தரும். பலத்த காற்று வீசினால் அது மேலே எழாமல் தரையோடு படுத்துவிடும். எதிரிப் பாய்மரக் கப்பல்கள் வேகமாக வருவதும் அதே பலத்த காற்றில்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தீ எரிகிறது அல்லது எரியவில்லை, இவ்வளவுதான் ஒரு கம்பம் சொல்லக்கூடியது. எத்தனை கப்பல், யாருடையவை, எங்கே இறங்குகிறார்கள், எதுவும் அதில் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாக்க, சில இடங்களில் இரண்டு மூன்று தீக்களைப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். இதன் மிகத் தெளிவான சட்ட வடிவம் ஸ்காட்லாந்தில், ஆங்கிலப் படையெடுப்புக்கு எதிராக 1455 இல் இயற்றப்பட்டது. ஒரு தீ என்றால் எதிரி வரக்கூடும் என்ற எச்சரிக்கை. இரண்டு சேர்ந்து எரிந்தால் வந்துகொண்டிருப்பது உறுதி. நான்கு மெழுகுவர்த்திகளைப் போல நான்கும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்து எரிந்தால் பெரும்படை. ஹ்யூம் கோட்டையிலிருந்து சூட்ரா மேடு வழியாக எடின்பரோவை நோக்கிப் போகும் தொடர் அது. படிக்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. மனிதக் கண்ணின் பிரித்தறியும் திறன் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 20 கிலோமீட்டரில் அது 6 மீட்டர் இடைவெளிக்குச் சமம். ஆனால் இரவில் தீயின் ஒளிவட்டம் பரவுவதால் 6 மீட்டர் போதாது; அதைப்போல் நான்கைந்து மடங்காவது விட வேண்டும். நெருக்கமாக மூட்டிய நான்கு தீக்கள் தொலைவில் நிற்பவருக்கு ஒரே பெரிய தீயாகத்தான் தெரியும். அதே வரிசையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் நிலையத்துக்கு ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும்.

எண்ணிக்கையைவிடப் பெரிய தலைவலி திசை. கரையோரம் வரிசையாக நிற்கும் கம்பங்களில் நடுவில் ஒன்று எரிந்தால் இருபக்கமும் பற்றும். சற்று நேரத்தில் எல்லாமே எரியும். முதலில் எரிந்தது எது? எங்கே ஓடுவது? கென்டின் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் லம்பார்டு 1580களில் தம் மாவட்டத்துத் தீக்கம்பங்களை எல்லாம் வரைபடமாக்கி, எந்தக் குன்றிலிருந்து எந்தக் குன்று தெரியும் என்று பார்வைக்கோடுகளை இழுத்துவைத்தது இதற்காகத்தான். தீ கண்டதும் பாமரர் மட்டுமல்லாமல் பொறுப்பில் இருந்தவர்களும் போக்கிடம் தெரியாமல் திகைத்தார்கள் என்று அவரே காரணம் சொல்கிறார். அந்தப் படம் 1596 இல் அச்சிலும் வந்தது. எதிரி கையில் கிடைத்துவிடாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என் பார்வையில் லம்பார்டு பக்கமே நியாயம். குன்றின்மேல் நிற்கும் 30 அடிக் கம்பம் கடலில் வரும் எவனுக்கும் தெரியும். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உள்ளூர்க் காவலனுக்குத் தன் தொடுவானத்தில் எந்தப் புள்ளி எந்த ஊர் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

காவலர்களைப் பற்றிய விதிகளைப் படித்தால் அதிகாரிகள் எதற்குப் பயந்தார்கள் என்பது புரிந்துவிடும். பொறுப்பும் விவேகமும் உள்ள வீட்டுக்காரர்களையே போட வேண்டும், விடலைகளைப் போடக் கூடாது. ஒதுங்க ஒரு குடிசை உண்டு. ஆனால் உட்கார இருக்கை வைக்கக் கூடாது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். இவை தூக்கத்துக்கு எதிரான விதிகள். அவசரத்துக்கு எதிரான விதி இன்னும் கடுமையானது: பக்கத்து மாஜிஸ்திரேட்டைக் கேட்காமல் தீ மூட்டக் கூடாது. கேட்டவுடன் முட்டாள்தனமாகப் படும். எதிரி வரும்போது ஒருவர் குதிரை ஏறிப்போய் மாஜிஸ்திரேட்டை எழுப்பி அனுமதி வாங்கி வருவதா? ஆனால் மூட்டிய தீயைத் திரும்பப் பெற வழியில்லை. தவறு என்று தெரிந்து அணைத்தாலும் அதற்குள் அடுத்த குன்று எரிந்திருக்கும். “பொய்” என்று சொல்ல எந்த அடையாளமும் கிடையாது. ஒரு தவறான தீ, அறுவடை நாளில் ஆயிரக்கணக்கானவர்களை வயலைவிட்டு ஓடவைக்கும். அதே தவறு மூன்று முறை நடந்தால் நான்காம் முறை யாரும் எழமாட்டார்கள். ஆகவே வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நம்பகத்தை வாங்கினார்கள்.

தீயை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதும் அரசின் நினைவில் இருந்தது. 1536 இல் எட்டாம் ஹென்றி தேவாலய அமைப்பில் செய்த மாற்றங்களை எதிர்த்து வடக்கே எழுந்த கலகக்காரர்கள், தேவாலய மணிகளை அடித்தும் தீமேடுகளை எரியவிட்டும்தான் மக்களைத் திரட்டினார்கள். அந்நியனுக்கு எதிராக நட்ட கம்பம் அரசனுக்கு எதிராகவும் எரியும்.

அப்படியானால் ஒரே ஒரு சேதியைச் சொல்லும் தீயால் என்ன பயன்? பள்ளிக்கூட மணி எந்தப் பாடம் என்று சொல்வதில்லை. கால அட்டவணை இருப்பதால் அது அடித்ததும் எல்லாரும் எழுந்து போகிறார்கள். இங்கே அட்டவணையாக இருந்தது படைப்பதிவு. மாவட்டத்துக்கு ஒரு லார்டு லெஃப்டினன்ட் (அரசியின் சார்பில் படைப் பொறுப்பு ஏற்றவர்), அவருக்குத் துணைவர்கள், வட்டத்துக்கு வட்டம் ஆயுதம் ஏந்தக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியல், 1573 முதல் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த படைப்பிரிவுகள். தீ கண்டதும் எந்த ஊரார் எந்தத் திடலில் கூட வேண்டும், யார் தலைமையில் எந்தக் கரைக்குப் போக வேண்டும், எந்த ஊரார் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தது. தீ ஆட்களை எழுப்பும். விவரத்தைப் பின்னால் வரும் குதிரைக்காரன் கொண்டுவருவான். பட்டியல் சரியில்லாத மாவட்டத்தில் எத்தனை கம்பம் எரிந்தும் வெறும் கூட்டம்தான் சேர்ந்திருக்கும். தீக்கம்பங்களைத் தனியாகப் போற்றுவது எனக்கு ஒப்பாமல் இருப்பது இதனால்தான்.

வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம். பிளிமத்திலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 215 மைல், 345 கிலோமீட்டர். 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக 17 நிலையங்கள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தீயைக் கவனித்து, வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்து, மூட்டி, அது கொழுந்துவிட 10 நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அனுமதி விதியையும் மழையையும் சேர்த்தால் இது பல மடங்காகும். நிமிடக் கணக்கு என் மதிப்பீடு, பதிவு அல்ல. அரசுத் தபால் குதிரைக்காரர்கள் கோடையில் மணிக்கு 7 மைல் போக வேண்டும் என்பது அக்கால விதி. அப்படிப் பார்த்தால் கடிதத்துக்கு 31 மணி நேரம், நடைமுறையில் அதைவிட அதிகம். ஆக, தீக்கு ஒரு பகலும் ஓர் இரவும் முந்துகை.

1588 இல் அந்த முந்துகை எவ்வளவு உதவியது? இன்றைய நாள்காட்டிப்படி ஆர்மடா ஜூலை 29 அன்று லிசார்டு அருகே தென்பட்டது. சுமார் 130 கப்பல்கள், கூட்டம் கலையாமல் போக வேண்டியிருந்ததால் ஆமை வேகம். பிரான்சின் கலே துறைக்கு முன் நங்கூரமிட்டது ஆகஸ்டு 6. எட்டு நாள் கரையோரமே ஊர்ந்த படைக்கு எதிராகக் கரைப்படைகளை நகர்த்தக் கடிதமே போதும். ஆங்கிலேயர் எரிகப்பல்களை (தீ வைத்து எதிரிக் கூட்டத்துக்குள் மிதக்கவிடும் கப்பல்கள்) ஏவியது 7 இரவு, கிரேவ்லின் சண்டை 8. எலிசபெத் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டில்பரி முகாமில் படைகளுக்கு முன் நின்றது 19 அன்று. அதற்கு ஒரு வாரம் முன்பே ஆங்கிலக் கப்பல்கள் துரத்துவதை நிறுத்தித் திரும்பிவிட்டன, ஆர்மடா வடக்கே போய்விட்டது. ஆனாலும் ஃபிளாண்டர்ஸிலிருந்து ஸ்பெயினின் படைத்தலைவர் பார்மா கோமகன் கடல் தாண்டக்கூடும் என்ற பயம் டில்பரியில் தீரவில்லை. “வருகிறான்” என்று சொல்லத் தீ இருந்தது, “போய்விட்டான்” என்று சொல்ல எதுவும் இல்லை.

தீக்கம்பம் உண்மையில் தேவைப்பட்டது திடீர்த் தாக்குதலுக்கு. அங்கே அது எப்படித் தோற்றது என்பதற்கு 1595 கார்ன்வால் நல்ல சான்று. ஆகஸ்டு 2 காலை, கடலை மறைத்திருந்த மூடுபனி வெயிலேறி விலகியபோது, மவுஸ்ஹோல் ஊருக்கு நேரெதிரே நான்கு ஸ்பானியத் துடுப்புக் கப்பல்கள் நின்றன. கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அவை கரைக்கே வந்துவிட்டன. மவுஸ்ஹோல், நியூலின், பென்சான்ஸ் மூன்றும் எரிந்தன. சர் ஃபிரான்சிஸ் கொடால்ஃபின் திரட்டிய ஆட்களில் பலர் கலைந்து ஓடினார்கள். மூடுபனிக்குள் காவலன் விழித்திருந்தாலும் ஒன்றுதான், தூங்கினாலும் ஒன்றுதான். துடுப்புக் கப்பலுக்குக் காற்றும் தேவையில்லை.

தவறான தீ என்ன செய்யும் என்பதற்கு 1804 ஜனவரி 31 இரவு. ஸ்காட்லாந்து எல்லையில் ஹ்யூம் கோட்டைக் காவலன், தொலைவில் கரிமூட்டம் போடுபவர்களின் நெருப்பைப் பார்த்து, பிரெஞ்சுக்காரன் வந்துவிட்டான் என்று தன் தீயை மூட்டினான். தொடர் பற்றி, ஏறக்குறைய 3,000 தன்னார்வலர்கள் இரவோடு இரவாக ஆயுதத்துடன் கூடிவிட்டார்கள். கடலோரத்தில் செயின்ட் ஆப்ஸ் முனையில் இருந்தவன் மட்டும் மூட்டவில்லை. கடல்வழி வரும் எதிரிக்கான சேதி கரையோரமாக வர வேண்டுமே தவிர உள்நாட்டிலிருந்து எப்படி வரும் என்று யோசித்தான். லம்பார்டின் கோடுகள் கேட்டது இதே கேள்வியைத்தான்.

அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1796 இல், லண்டனிலிருந்து டீலுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் ஆறு கதவுகள் கொண்ட தந்திச் சட்டகங்களை (மின்சாரம் இல்லாமல் கண்ணால் பார்த்துப் படிப்பவை) கடற்படை நிறுவியிருந்தது. கதவுகளைத் திறந்தும் மூடியும் 64 வெவ்வேறு நிலைகளைக் காட்டலாம். வார்த்தை அனுப்பலாம், கேள்வி கேட்கலாம், தவறு என்று சொல்லலாம். இரவிலும் மூட்டத்திலும் அது குருடு. ஒவ்வொரு நிலையத்துக்கும் பயிற்சி பெற்ற சம்பள ஆட்கள் வேண்டும். அதனால்தான் அது இருந்த அதே ஆண்டுகளில் 8 வண்டி விறகும் குன்றின்மேல் காத்துக்கிடந்தது.

நேரில் பார்க்கும் வாய்ப்பு இருந்தால், டெவனில் கல்ம்ஸ்டாக் குன்றின்மேல் தேன்கூட்டு வடிவக் கல்குடிசை ஒன்று, பிற்காலத்தில் செப்பனிட்டது, நிற்கிறது. லண்டனுக்கு வடக்கே மங்கன் ஹேட்லி தேவாலயக் கோபுரத்தின்மேல் ஓர் இரும்புத் தீக்கூடை இருக்கிறது. முதலில் இருந்தது போனபின் வைத்தது அது. வரைபடத்தில் ‘பீக்கன்’ என்று பெயருள்ள குன்றை எல்லாம் 1588 கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். 1887, 1897 ஆண்டுகளின் விக்டோரியா விழாக்களுக்கும், 1977 அரசி விழாவுக்கும், 1988 இல் ஆர்மடாவின் 400ஆம் ஆண்டுக்கும் பல குன்றுகளில் புதிதாகக் கம்பம் நட்டுத் தீ ஏற்றினார்கள். கப்பல்களுக்கு வழிகாட்டும் கடற்குறிகளும் இதே பெயரில் உண்டு, 1566 சட்டப்படி அவை டிரினிட்டி ஹவுஸ் என்ற கடலோடிகள் அமைப்பின் பொறுப்பில் வந்தன. ஒரு குன்றில் உண்மையில் காவல் இருந்ததா என்று அறிய வேண்டுமானால், பெயரை விட்டுவிட்டு அந்த வட்டத்தின் காவல் கூலிக் கணக்கையும் விறகு வாங்கிய கணக்கையும் தேடுங்கள்.